முப்பது பிள்ளைகளில் இருந்து மூன்று பிள்ளைகளுக்கு

இங்கிலாந்தில் பள்ளிக்கூட ஆசிரியர்கள் நினைத்த நேரத்தில் வேலையை விட்டுப் போக முடியாது. வருடத்தில் மூன்று கெடு நாட்கள் இருக்கின்றன. ஒக்டோபர் 31-க்குள் கடிதம் கொடுத்தால் டிசம்பர் முடிவில் போகலாம். பெப்ரவரி கடைசி நாளுக்குள் கொடுத்தால் ஏப்ரல் முடிவில். மே 31-க்குள் கொடுத்தால் ஓகஸ்ட் முடிவில். தவறவிட்டால் அடுத்த தவணை வரை இழுபட வேண்டியதுதான். அதனால் மே மாதக் கடைசியில் ஆசிரியர் அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் ஒரு மாதிரியாகப் பார்ப்போம், இந்த முறை யார் என்று. 2022-இல் அது நான்.

வடமேற்கு லண்டனில் ஒரு ஆரம்பப் பள்ளியில் முதலில் நேர்சரி வகுப்பிலும் பிறகு ரிசெப்ஷன் என்கிற பள்ளியின் முதல் வகுப்பிலும் படிப்பித்தேன். மூன்று வயதில் இருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகள். அதை விட்டுவிட்டுச் சைல்ட்மைன்டராகப் போகிறேன், வீட்டிலேயே வைத்துச் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கப்போகிறேன் என்றதும் யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மா தொலைபேசியில் கேட்டார்: “உவ்வளவு படிச்சுப்போட்டு, ஆக்களின்ர பிள்ளையளுக்குப் பம்பர்ஸ் மாத்தப் போறியோ?”

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஊரில் ரீச்சர் என்றால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது, பாலர் வகுப்பு ரீச்சராக இருந்தாலும். ‘பிள்ளை பார்க்கிறவ’ என்பது வேறு வரிசை. இங்கே வளர்ந்தவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் என்னோடு முன்பு படிப்பித்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு “உடம்புக்கு ஏதும் ஏலாதோ?” என்று விசாரித்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் தான் ஏலாமல் போனது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பலருக்குத் தெரியாத ஒரு விசயம், பள்ளிக்கூட நேர்சரிக்கும் சைல்ட்மைன்டருக்கும் இங்கே பாடத்திட்டம் ஒன்றுதான். பிறந்ததில் இருந்து ஐந்து வயது வரைக்குமான சட்டபூர்வமான சட்டகம், இ.வை.எஃப்.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள், 2008 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு பல தடவை திருத்தினார்கள். ஏழு கற்றல் துறைகள், ரிசெப்ஷன் முடிவில் பார்க்கிற பதினேழு இலக்குகள். 2024 ஜனவரியில் இருந்து சைல்ட்மைன்டர்களுக்கு அதே சட்டகத்தைத் தனிப் பதிப்பாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் உள்ளே இருக்கிற ஏழு துறைகள் அதேதான். பார்க்க வருகிறவர்களும் அதே ஒஃப்ஸ்டெட்தான், பள்ளிகளையும் பிள்ளை பார்க்கிற இடங்களையும் பரிசோதிக்கிற அரசாங்க அமைப்பு. என் வீட்டுச் சோபாவில் இருக்கிற பிள்ளைக்கும் வகுப்பறைக் கம்பளத்தில் இருக்கிற பிள்ளைக்கும் சட்டம் ஒன்று. எண்ணிக்கைதான் வேறு. இந்தக் கட்டுரை முழுக்க அந்த எண்ணிக்கையைப் பற்றித்தான்.

ரிசெப்ஷன் வகுப்பில் ஒரு ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகள் வரை வைக்கலாம். பள்ளி நேர்சரியில், தகுதி பெற்ற ஆசிரியர் இருந்தால், ஒரு பெரியவருக்குப் பதின்மூன்று பேர். உதவியாளர் இருப்பார், ஆனால் எந்த வகுப்பில் ஆள் குறைந்தாலும் முதலில் எங்கள் உதவியாளரைத்தான் கூப்பிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்ற நினைப்பு.

சைல்ட்மைன்டரிடம் எட்டு வயதுக்குக் கீழ் ஆறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த ஆறில் பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகள் மூன்று பேர். அந்த மூன்றில் ஒரு வயதுக்குக் கீழ் ஒருவர். சொந்தப் பிள்ளையும் இந்தக் கணக்கில் சேரும். அண்ணன் தம்பி ஒன்றாக வந்தால், இரட்டையர் வந்தால் என்று சில விலக்குகள் உண்டு. ஆனால் அடிப்படைக் கணக்கு இதுதான்.

வகுப்பறையில் பிள்ளைகளில் எனக்கு ஒரு நாளும் சலிப்பு வந்ததில்லை. கையில் இருந்த டப்லெட்டில் வந்தது. ஒரு பிள்ளை ஏதாவது செய்தால் படம் எடுக்க வேண்டும், எந்தத் துறை என்று குறிக்க வேண்டும், அடுத்த படி என்ன என்று எழுத வேண்டும், பெற்றோருக்கு அனுப்ப வேண்டும். 2021-இல் சட்டகத்தைத் திருத்தியபோது தாள் வேலையைக் குறையுங்கள் என்று அரசாங்கமே சொன்னது. சொன்னார்கள்தான். ஆனால் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, யாராவது வந்து கேட்டால் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். அதே வருட செப்டெம்பரில் ரிசெப்ஷன் பிள்ளைகளுக்கு அடிப்படைச் சோதனை கட்டாயமானது. முதல் ஆறு கிழமைக்குள், ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே கூப்பிட்டு, ஏறத்தாழ இருபது நிமிடம். அந்த ஆறு கிழமைதான் பிள்ளை அம்மாவை விட்டுவிட்டு இருக்கப் பழகுகிற காலம். நான் ஒரு பிள்ளையோடு மூலையில் இருந்து சோதனை செய்துகொண்டிருப்பேன், கதவடியில் இன்னொன்று சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அழுதுகொண்டிருக்கும்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ் வீட்டுப் பிள்ளை, வகுப்பில் ஆங்கிலத்தில் வாயே திறக்காது. புதிய மொழிக்குள் வந்த பிள்ளைகள் சில மாதம் இப்படிப் பேசாமல் இருந்து எல்லாவற்றையும் கேட்டுச் சேர்த்துக்கொள்வது சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை. விளையாட்டு நேரத்தில் என்னைத் தனியாகக் கண்டால் கொட்டித் தீர்த்துவிடும். அம்மம்மா வீட்டு ஆட்டுக்குட்டி கிணற்றடியில் வழுக்கியது, அதை மாமா தூக்கியது, பிறகு ஆடு மாமாவைக் கடித்தது, தொடக்கமும் நடுவும் முடிவும் வைத்து. ஜூனில் ஆண்டு இறுதி மதிப்பீடு. பேச்சும் எழுத்தும் வாசிப்பும் தொடர்பான இலக்குகளை ஆங்கிலத்தில் பார்த்துத்தான் குறிக்க வேண்டும், மற்றவற்றை எந்த மொழியிலும் பார்க்கலாம். அதுதான் விதி. ஆக, கணக்கில் ‘எட்டிவிட்டார்’, பேச்சில் ‘இன்னும் எட்டவில்லை’. விதியில் நியாயம் இல்லாமல் இல்லை, அடுத்த வருட ரீச்சருக்கு அந்தத் தகவல் தேவை. ஆனால் ஆட்டுக்குட்டியை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. முப்பது பேர் இருக்கிற வகுப்பில் அதை எழுதி வைக்க எனக்கு நேரமும் இல்லை.

சரி, முடிவு எடுத்தாயிற்று. பதிவுக்கு வருவோம், அதில்தான் கதை இருக்கிறது.

இங்கிலாந்தில் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒரு பிள்ளையை, சொந்தக்காரரின் பிள்ளையாக இல்லாவிட்டால், உங்கள் வீட்டில் வைத்து ஒரு நாளில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் காசு வாங்கிப் பார்த்தால் பதிவு செய்தே ஆக வேண்டும். 2001 வரை அது உள்ளூர்க் கவுன்சிலின் வேலை, அதன் பிறகு ஒஃப்ஸ்டெட்டுக்குப் போனது. இப்போது ஏஜென்சிகள் மூலமும் பதியலாம். நான் நேரே ஒஃப்ஸ்டெட்டிடமே போனேன். விண்ணப்பக் கட்டணம் £35, அது பெரிய காசு இல்லை. பன்னிரண்டு மணி நேரக் குழந்தைகள் முதலுதவிப் பயிற்சி, மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். டொக்டர் கையெழுத்துப் போட்ட உடல்நலப் படிவம். காப்புறுதி. பிள்ளைகளின் படங்களைத் தொலைபேசியில் வைத்திருப்பதற்காகத் தகவல் பாதுகாப்பு அலுவலகத்தில் தனிப் பதிவு. சாப்பாடு கொடுப்பதால், ஒஃப்ஸ்டெட்டுக்குக் கொடுத்த விவரங்களை வைத்தே கவுன்சிலில் உணவுத் தொழிலாகவும் பதிவு. புட்டு அவிக்கிற என் குசினி, சட்டத்தின் கண்ணில் ஒரு சாப்பாட்டுக் கடை.

அப்புறம் வீட்டில் இருக்கிற பதினாறு வயது நிரம்பிய எல்லாருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை. கணவருக்குச் சரி. மாமிக்கும் வேண்டும். எழுபது வயது தாண்டியவர், ஊரில் இருந்து வந்து எங்களோடு இருக்கிறார், பக்கத்துக் கோவிலுக்குப் போவதைத் தவிர வெளியே போகாதவர். படிவத்தை நீட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாகப் பார்த்தார். “நீ பிள்ளை பாக்கிறதுக்கு நான் ஏன் பிள்ளை பொலிசுக்குக் கையெழுத்து வைக்கவேணும்?” பிள்ளைகள் இருக்கிற வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் பார்க்கிறது மாமி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு “நல்ல விசயம்தான்” என்று கையெழுத்து வைத்தார். பிறகு கோவிலில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், தன்னைப் பொலிஸ் சோதித்து நல்லவர் என்று கடிதம் தந்ததாக.

பதிவுக்கு முன் ஒரு அம்மையார் வீட்டைப் பார்க்க வந்தார். மாடிப்படிக்கு மேலும் கீழும் தடுப்பு, ஜன்னல் திரைக் கயிறு எட்டாமல் கட்டியிருக்கிறதா, மருந்து எங்கே, துப்புரவுத் திரவங்கள் எங்கே, தோட்டத்தில் குளம் இருக்கிறதா, தீப்பிடித்தால் எந்தக் கதவால் போவீர்கள். எல்லாம் எதிர்பார்த்ததுதான். சாமியறைக் கதவைத் திறந்தபோது நின்றுவிட்டார். பெரிய அறை ஒன்றும் இல்லை, ஹோலுக்குப் பக்கத்தில் இருக்கிற அலுமாரி. குத்துவிளக்கு, தீப்பெட்டி, கற்பூரம், எண்ணெய்ப் போத்தல், ஊதுபத்தி. ஒரு தவழும் குழந்தையின் கண்ணால் பாருங்கள், இதைவிட ஆபத்தான அலுமாரி வீட்டில் வேறு இல்லை. அவர் மரியாதையாகத்தான் கேட்டார், இது எப்போது எரியும் என்று. மாமி எனக்கு முன்னால் பதில் சொன்னார், அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்: காலை ஆறு மணி, பின்னேரம் பிள்ளைகள் போன பிறகு. அலுமாரிக்குப் பூட்டு வந்தது, தீப்பெட்டி மேல் தட்டுக்குப் போனது. இடர் மதிப்பீட்டுத் தாளில் அதையும் எழுதினேன். மிளகாய்த்தூள் டின் கீழ்த் தட்டில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை, அவர் போனதும் நானே மேலே ஏற்றினேன்.

பிறகு அவர் மேசையில் இருந்து கேள்வி கேட்டார். குழந்தை அசாதாரணமான காயத்தோடு வந்தால் என்ன செய்வீர்கள், யாரை அழைப்பீர்கள், பெற்றோர் குடித்துவிட்டுக் கூட்டிப்போக வந்தால் என்ன செய்வீர்கள். பள்ளியில் இப்படி ஏதாவது நடந்தால் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லிவிடுவோம். இங்கே அந்தப் பொறுப்பாளரும் நான்தான்.

2023 ஜனவரியில் பதிவு கிடைத்தது. மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில், புதிதாக ஒஃப்ஸ்டெட்டில் பதிகிற சைல்ட்மைன்டர்களுக்கு £600 தருவோம் என்று அறிவித்தார்கள், அந்த மாதத்தில் இருந்து பதிகிறவர்களுக்கு. எனக்கு இல்லை. பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை, இன்றைக்கும் கொஞ்சம் எரிச்சல்தான்.

எதற்காக அந்தக் காசு என்றால் சைல்ட்மைன்டர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். 2010-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்தவர்கள் இப்போது முப்பதாயிரத்துக்கும் கீழே. வயதானவர்கள் ஓய்வெடுக்கிறார்கள், இளையவர்கள் வருவதில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வீட்டுக்காரர் அனுமதி தருவதில்லை. அதே நேரம், பிள்ளை பார்ப்பதற்குத் தானே காசு கொடுக்கிற இலவச மணித்தியாலங்களை அரசாங்கம் கூட்டிக்கொண்டே போகிறது. 2017-இல் வேலைக்குப் போகும் பெற்றோரின் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கிழமைக்கு 30 மணித்தியாலம். 2024 ஏப்ரலில் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 15, அதே ஆண்டு செப்டெம்பரில் ஒன்பது மாதப் பிள்ளைகளுக்கும் 15, 2025 செப்டெம்பரில் அதுவும் 30 ஆனது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வருடத்தில் 38 கிழமைக்கான கணக்கு. பெற்றோருக்கு வருடம் முழுக்க வேலை இருக்கிறது. மொத்தம் 1,140 மணித்தியாலத்தை வருடம் முழுக்கப் பரப்பினால் கிழமைக்கு 22 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். இதை ஒவ்வொரு புதுப் பெற்றோருக்கும் தாளில் எழுதிக் காட்டுவேன். “அப்ப 30 எண்டு ஏன் சொல்லினம்?” என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

காசுக் கதையில் எங்கள் ஆக்களுக்கென்று தனி அத்தியாயம் உண்டு. “அக்கா, எங்கட ஆக்கள்தானே, கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ.” இன்னொருவர், தெருவில் ஒரு அன்ரி பாதிக் காசுக்குப் பார்க்கிறாரே என்பார். அந்த அன்ரிக்குப் பதிவு இல்லை. நல்ல மனுசியாக இருக்கலாம், என்னைவிட நன்றாகச் சமைக்கவும் கூடும். ஆனால் முதலுதவிச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லை, எத்தனை பிள்ளைகள் என்று எண்ண யாரும் வருவதில்லை. பெற்றோருக்கும் அதில் நட்டம் உண்டு. பதிவு செய்தவரிடம் விட்டால் நீங்கள் £8 கட்ட அரசாங்கம் £2 சேர்க்கும், ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு £2,000 வரை. அந்த அன்ரியிடம் விட்டால் அது கிடையாது. இதைச் சொன்ன பிறகு பேரம் பெரும்பாலும் நின்றுவிடும்.

தங்கச்சியின் மகனை நான்தான் பார்ப்பேன் என்று குடும்பத்தில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பார்க்கலாம். ஆனால் சொந்தப் பெறாமகனுக்கு அந்த இலவச மணித்தியாலக் காசை நான் எடுக்க முடியாது. பேரப்பிள்ளை, சகோதரங்களின் பிள்ளை எல்லாருக்கும் இதே விதிதான், மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் பார்த்தாலும். தங்கச்சி அவனை ரெயினர்ஸ் லேனில் இன்னொரு சைல்ட்மைன்டரிடம் விட்டாள், அந்தப் பெண்ணின் அக்கா மகள் என்னிடம் வந்தாள். சட்டம் எங்களை இப்படிப் பிள்ளை மாற்ற வைத்தது. இரண்டு குடும்பமும் இப்போது நல்ல சிநேகம்.

நாள் காலை ஏழரைக்குத் தொடங்கும். மகளைப் பள்ளியில் விட மூன்று பேரையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஒன்று தள்ளுவண்டியில், ஒன்று பலகையில் நின்று, ஒன்று கையைப் பிடித்து. திரும்பும் வழியில் ரெயினர்ஸ் லேன் பக்கம் தண்டவாளம் தெரிகிற வேலி ஒன்று இருக்கிறது. பிக்கடில்லி ரயிலும் மெட்ரோபொலிட்டன் ரயிலும் அங்கே ஒரே பாதையில் போகும், ஒன்று குள்ளம், ஒன்று உயரம். ‘சின்ன ரயில்’, ‘பெரிய ரயில்’, ‘அடுத்தது எது?’ வகுப்பறையில் இதற்குப் பெயர் ஒப்பிடுதல், வரிசை, எதிர்வுகூறல், மூன்று பாடத்துக்குத் திட்டம் எழுதலாம். வேலியடியில் இருபது நிமிடத்தில் நடந்துவிடும், மழை இல்லாவிட்டால். சில நாள் எச்-12 பஸ்ஸில் சும்மா ஒரு சுற்று. சில நாள் ஹெட்ஸ்டோன் மனோருக்கு. எழுநூறு வருடப் பழமையான வீடு, ஒரு காலத்தில் கன்ரபெரி பேராயர்களுக்குச் சொந்தமானது, சுற்றிவர அகழியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. பிள்ளைகளுக்குப் பேராயர் யாரோ, வாத்துதான் முக்கியம்.

இங்கேதான் எறிகிறவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வயதுக்குப் பக்கம், குஜராத்தி வீட்டுப் பையன். கையில் கிடைத்ததை எல்லாம் எறிவான். கார், கரண்டி, வாழைப்பழம், ஒரு தடவை மாமியின் கண்ணாடி. முன்பு போன நேர்சரியில் கிட்டத்தட்டத் தினமும் ஒரு சம்பவப் படிவம் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவன் தாய் என் வாசலில் நின்றபோது முதல் வார்த்தையே மன்னிப்புத்தான்.

சில நாள் நான் ஒன்றும் செய்யவில்லை, உடைகிற சாமான்களை எடுத்து வைத்துவிட்டுத் தரையில் இருந்து பார்த்தேன். எறிந்துவிட்டு அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கோபம் இல்லை, கவனம் கேட்கவும் இல்லை. பொருள் போகிற வழியைப் பார்த்தான். விழுந்த இடத்தைப் போய்ப் பார்த்தான், எடுத்துவந்து அதே இடத்தில் நின்று திரும்ப எறிந்தான். பஸ்ஸில் மழைத்துளி ஜன்னலில் வழிவதை விரலால் பின்தொடர்ந்தான். 1970-களில் லண்டன் ஃபிரோபெல் நிறுவனத்தில் கிறிஸ் ஏத்தி என்ற ஆய்வாளர் சின்னப் பிள்ளைகளைக் கிட்ட இருந்து கவனித்து, அவர்கள் திரும்பத் திரும்பச் செய்வதில் ஒரு ஒழுங்கு இருப்பதைக் காட்டினார். சில பிள்ளை எல்லாவற்றையும் சுற்றி மூடும், சில வட்டமாகச் சுழற்றும், சில பொருள்கள் போகும் பாதையைத் துரத்தும். இதைப் பயிற்சியில் படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். கண் முன்னால் ஒரு பிள்ளையில் இவ்வளவு துப்புரவாகக் கண்டது இதுதான் முதல் தடவை.

பிறகு எறிய விட்டேன். சுருட்டிய கால் மேசுகள் ஒரு கூடை நிறைய, உடுப்புக் கூடைக்குள் எறிய. படித் தடுப்புக்கு மேலாகப் பந்து. தோட்டத்துப் பலகையைச் சாய்த்து வைத்து கார்கள், பலகை உயர உயர வேகம் கூடும். அகழிக்குள் இலை. கரண்டியை எறிந்தால் மட்டும் “கரண்டி மேசையில், மேசு கூடைக்குள்” என்று ஒரே சொல்லாகச் சொல்வோம், நானும் மாமியும் ஒரே மாதிரி. கரண்டி எறிவது மெல்ல நின்றது. பின்னால் ஒரு நாள் சோக்கட்டியால் முற்றத்தில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுத்துவிட்டு “மழை” என்றான், தமிழில். என் வீட்டில் மாமியோடு இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் கொஞ்சம் தமிழோடுதான் பள்ளிக்குப் போவார்கள்.

இரண்டு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வளர்ச்சி அறிக்கை ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும், சைல்ட்மைன்டரும் செய்ய வேண்டும். அவனுடையதில் மேசு, பலகை, அகழி எல்லாம் எழுதினேன். தாய் அதைக் குசினியில் நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார்.

பள்ளியில் இருந்திருந்தால் இதைக் கண்டிருக்க மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். கண்டிருக்கலாம். ஆனால் இருபத்தைந்து பிள்ளைகள் நடுவில் ஒருவன் கார் எறிந்தால் முதலில் காரைத்தான் பிடிக்க வேண்டும், மற்றப் பிள்ளையின் தலை முக்கியம். தரையில் இருந்து பார்க்க நாட்கணக்கில் நேரம் யார் தருவார்கள்?

தவழாத குழந்தைக்குப் பொக்கிஷக் கூடை வைப்பேன். எலினோர் கோல்ட்ஷ்மீட் என்பவர் தந்த யோசனை, தாழ்வான கூடையில் பிளாஸ்ரிக் இல்லாத வீட்டுச் சாமான்கள். கடையில் ஆயத்தமாக விற்கிறார்கள், விலையைப் பார்த்தால் சிரிப்பு வரும். எங்கள் குசினியில் சிரட்டை அகப்பை, தேத்தண்ணி வடி, சின்ன வெண்கலச் செம்பு, பனையோலைப் பெட்டி எல்லாம் இருக்கின்றன.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நான் கண்டிப்பு. முந்திரிகைப் பழம், அதாவது திராட்சை, நீளவாக்கில் நான்காக வெட்டியே மேசைக்கு வரும், முழுக் கடலை வீட்டிலேயே இல்லை. பிள்ளைகள் வாயில் சாப்பாடு இருக்கும்போது நான் எழும்பிப் போக மாட்டேன், தொலைபேசி அடித்தாலும். 2025 செப்டெம்பர்ச் சட்டகத்தில் பாதுகாப்பாகச் சாப்பிடுவது பற்றித் தனிப் பகுதியே சேர்த்துவிட்டார்கள், நல்லது. மெத்தென்ற இட்லியை விரல் நீளத்துக்கு வெட்டி வைத்தால் ருமேனியப் பிள்ளையும் சாப்பிடும், குஜராத்திப் பிள்ளையும் சாப்பிடும், தமிழ்ப் பிள்ளைதான் சில நாள் பாண் கேட்கும்.

இனி மற்றப் பக்கம். ஆசிரியர் ஓய்வூதியம் அன்றோடு நின்றது. அதில் பள்ளிக்கூடம் கட்டிய பங்கு எவ்வளவு என்று விட்ட பிறகுதான் உறைக்கும். பள்ளியில் வருடத்துக்குப் பதின்மூன்று கிழமை விடுமுறை, இங்கே நான் எடுக்கிற ஒவ்வொரு நாளும் மூன்று குடும்பத்தின் வேலையைத் தொடும். எனக்குக் காய்ச்சல் என்றால் காலை ஆறு மணிக்கு மூன்று தாய்மாருக்குச் செய்தி அனுப்ப வேண்டும், அந்தச் செய்தியைத் தட்டுவதைவிடக் காய்ச்சலோடு எழும்பலாம் போலிருக்கும். ஆசிரியர் அறை இல்லை. நான் பள்ளியில் அதிகம் திட்டியது அந்த அறையைத்தான், பழைய தேத்தண்ணி மணமும் புலம்பலும். இப்போது அதற்கு ஏங்குகிறேன். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு சேர்ச் மண்டபத்தில் சைல்ட்மைன்டர்கள் பிள்ளைகளோடு கூடுவோம். அங்கே போய் ஒரு முழு வசனத்தைக் குறுக்கீடு இல்லாமல் பேசி முடித்தால் அது நல்ல கிழமை.

வீடும் தேயும். சைல்ட்மைன்டர்கள் வருமானத்தில் பத்து வீதத்தை வீட்டுச் சாமான்களின் தேய்மானமாக வரிக்கணக்கில் கழிக்கலாம் என்பது வரித் திணைக்களத்தோடு வெகு காலமாக இருந்துவந்த ஏற்பாடு. எங்கள் சோபாவைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று புரியும். மகளுக்குத் தன் பொம்மைகளைப் பகிர்ந்து பகிர்ந்து அலுத்துவிட்டது. அவள் அறைக்கு மட்டும் பிள்ளைகள் போகக் கூடாது என்று பெற்றோருக்குக் கொடுக்கிற கொள்கைத் தாளிலேயே எழுதிவிட்டேன், அவள் சொல்லச் சொல்ல.

ஒஃப்ஸ்டெட் பரிசோதகர் முதல் தடவை வந்தபோது பள்ளியில் இருக்கிற அதே நெஞ்சிடிப்பு இருந்தது. ஆனால் பள்ளியில் அவருக்கு முன்னால் தலைமை ஆசிரியர், கோப்புகள், தரவுத் தாள்கள் என்று ஒரு மதில் இருக்கும். வீட்டில் அவர் தரையில் எங்களோடு இருந்தார். எறிகிறவன் அவர் மடிக்குள் ஒரு மேசு எறிந்தான். அது ஏன் என்று கேட்டார், சொன்னேன். அடுத்து இவனுக்கு என்ன படிப்பிக்கப் போகிறீர்கள் என்றார், சாய்ந்த பலகையைக் காட்டினேன். பிறகு அவரே கார் ஒன்றை எடுத்து மேலே வைத்தார்.

இப்போது பழைய ஆசிரிய நண்பர்கள் அவ்வப்போது அழைத்து, நாங்களும் வரலாமா என்று கேட்கிறார்கள். வாருங்கள், நல்ல வேலை என்று ஒரேயடியாகச் சொல்வதில்லை. வீடு வாடகையா சொந்தமா, வாடகை என்றால் வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிப்பாரா, கடன் வீடு என்றால் வங்கிக்கும் காப்புறுதிக்கும் சொன்னீர்களா, அதைத்தான் முதலில் கேட்பேன். அடுத்து, வீட்டில் இருக்கிற மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள். ஆறு மாதம் வருமானம் இல்லாமல் ஓடுமா. இவை மூன்றுக்கும் ஆம் என்றால்தான் மிச்சக் கதை.

வருகிற செப்டெம்பரில் பெரியவன் ரிசெப்ஷனுக்குப் போகிறான், முப்பது பேரில் ஒருவனாக. அவன் இடத்துக்கு ஏற்கனவே ஆள் இருக்கிறது. போன கிழமை ஒரு பெண் அழைத்தார், இன்னும் நான்கு மாதம் இருக்கிறதாம் பிள்ளை பிறக்க, மகப்பேற்று விடுமுறை முடிகிறபோது இடம் கிடைக்குமா என்று. ஒரு வயதுக்குக் கீழ் ஒரு இடம்தான், அது எப்போது காலியாகும் என்று சொல்ல முடியாது, பெயரை எழுதி வைக்கிறேன் என்றேன். பிள்ளையின் பெயர் என்ன போடுவது என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன். “இன்னும் வைக்கேல்லை அக்கா” என்றார். தாயின் பெயரை எழுதி, பக்கத்தில் திகதியைப் போட்டு வைத்திருக்கிறேன்.